சாவிப் பசுவின் அரைநிலாக் கன்று

ரூடி கெஸ்லரின் தோள்வலியை ஹார்லன் நம்பவில்லை.

"ராத்திரி பூரா தூக்கமில்ல. கயிறு வீசினா தோளு கழண்டு கையோட வந்துடும் போலிருக்கு" என்றார் ரூடி, பட்டி வேலியின் மேல்மரத்தில் சாய்ந்துகொண்டு. "என் பக்கத்துக்கு இன்னிக்கு லோர்னா கயிறு போடட்டும்."

"நேத்து வேலிக்கம்பம் தூக்கினப்ப வலிக்கலையா?"

"அது வேற தோளு."

"கம்பத்த ஒத்தத் தோள்லயா தூக்கினே?"

"நான் ஏழை. எனக்கு எல்லாம் ஒண்ணொண்ணுதான் ஹார்லன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே குதிரையின் வார்ப்பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இது இன்றைக்குக் காலையில் வந்த வலி இல்லை, முன்பே பேசி வைத்த வலி. ஹார்லன் அதைக் கவனித்தார். இந்த வசந்தம் முழுக்க அவருக்கு இதே வேலைதான், கவனிப்பது.

மலைக்கு மேலே இருக்கிற கோடை மேய்ச்சல் நிலம் இரண்டு பண்ணைக்கும் பொது. ஜூன் மாதம் மாடுகளை மேலே ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு மந்தையையும் ஒரே பட்டியில் அடைத்து ஒரே நாளில் கன்றுகளுக்கு உரியவரின் அடையாளச் சூடு போட்டுவிடுவார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலி வாங்காமல் வந்து உதவுவார்கள். எல்லோருடைய சேணத்திலும் சுருக்குக்கயிறு தொங்கும். ஆனால் 'நீ கயிறு போடு' என்று மாட்டுக்காரர் வாயால் சொல்லாமல் யாரும் அதைத் தொடமாட்டார்கள். சொல்லாவிட்டால் கன்றை மடக்கிப் பிடிக்கலாம், ஊசி போடலாம், நெருப்புக்கு விறகு தள்ளலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை மனதுக்குள் இருக்கும்.

பண்ணைக்கு ஒருவர் கயிறு போடுவது வழக்கம். இந்தப் பக்கம் ஹார்லன், அந்தப் பக்கம் ரூடி. ஹார்லனின் மகள் லோர்னாவுக்கு இருபத்தாறு வயது. பதின்மூன்று வயதிலிருந்து கன்றுகளின் மேல் முழங்காலை ஊன்றிப் பிடித்திருக்கிறாள். அவள் கயிறும் வருடாவருடம் சேணத்தில் தொங்கும், சாயங்காலம் பிரிக்காமலேயே வீடு திரும்பும். ஹார்லன் அவளுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருந்தார். பனிப்புயலில் தடுமாறும் பசுவின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றைத் திருப்புவது, காற்றுக்கு எதிராக நடந்து எல்க் மானை நெருங்குவது, ஆற்றில் எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று பார்ப்பது. கயிறு போடச் சொன்னதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. கயிறு அவருடைய இடம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அந்த ஒன்றையும் கொடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மார்ச் மாதம் ரூடி வந்து ஹார்லன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பிள்ளை இல்லாதவர். வந்த விஷயத்தை நேராக லோர்னாவிடம் சொன்னார், ஹார்லனிடம் இல்லை. இலையுதிர் காலத்திலிருந்து என் மந்தையை நீ பார்த்துக்கொள், என் மேலோடை வீட்டில் குடியிரு, எதை வைத்துக்கொள்வது எதை விற்பது என்பதை நீயே முடிவுபண்ணு, நான் உன் பின்னால் நின்று கேட்டைத் திறந்துவிடுகிறேன் என்றார்.

"சூடு போட்டு முடியட்டும். அன்னிக்கு சாயங்காலம் சொல்றேன்" என்றாள் லோர்னா.

ஹார்லன் எழுந்து, பார்க்கத் தேவையில்லாத ஒரு பசுவைப் பார்க்கப் போனார்.

"அவன் என்னமோ பொண்ணு கேட்டு வந்த மாதிரி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றாள் அவர் மனைவி நெட்டி, திரும்பி வந்ததும்.

"பொண்ணு கேட்டு வந்திருந்தா துரத்தி விட்டிருப்பேன். வேலைக்கு வான்னு கேட்டா என்ன பண்றது?"

"நீ கேட்டிருக்கலாம்."

"இங்கதானே இருக்கா? இருக்கறவள எதுக்குக் கேக்கணும்?"

நெட்டி பாத்திரம் கழுவப் போனாள். பதிலைப் பாத்திரங்கள் சொல்லின.

அதன் பிறகுதான் அவர் கணக்கெடுக்க ஆரம்பித்தார். ரூடியின் கதவுக் கீலை அவள் சரிசெய்த பிறகுதான் சொந்தக் கதவுக்கு வந்தாள். ரூடியின் நாய் அவளுடைய பிக்கப் வண்டியில் தானாக ஏறி உட்கார்ந்தது. ரூடி சொன்ன ஏதோ ஒரு நகைச்சுவையை அவள் சாப்பாட்டு மேஜையில் மறுபடி சொல்லிச் சிரித்தாள். அதே விஷயத்தைத்தான் ஹார்லன் போன குளிர்காலத்தில் சொல்லியிருந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பட்டிக்குள் வேலை தொடங்கியது. எல்லாம் செம்மேனியும் வெள்ளை முகமுமான மாடுகள். கன்றுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல அவற்றைப் பெற்ற பசுவால்தான் முடியும். ஆகையால் கயிறு போடுகிறவருக்கு இரண்டு வேலை. குதிரையை மெதுவாக மந்தைக்குள் விட்டு, கன்றின் பின்னங்கால்கள் இரண்டும் சுருக்குக்குள் விழும்படி வீச வேண்டும். வீசுவதற்கு முன்பே அது எந்தப் பசுவை ஒட்டி நிற்கிறது, அந்தப் பசுவின் இடுப்பில் என்ன சூடு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நெருப்புக்கு இழுத்து வரும்போது அந்தச் சூட்டை உரக்கச் சொல்ல வேண்டும். ஹார்லனுடையது அரைநிலா, ரூடியுடையது சாவி. இரும்பு பிடிக்கிற கிளைட் மறுபேச்சுக் கேட்கமாட்டார். காதில் விழுந்ததைக் கன்றின் இடுப்பில் வைத்துவிடுவார்.

லோர்னாவின் முதல் வீச்சில் இரண்டு கால்களும் மாட்டின. கயிற்றைச் சேணத்தின் முன்பக்கக் கொம்பில் சுற்றினாள், கட்டைவிரல் மேலே பார்த்தபடி, அவசரமில்லாமல். "சாவி" என்றாள். கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ரூடி, பொண்ண நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கே" என்றார் கிளைட்.

"நான் என்ன பழக்கினேன்? என் பழைய கயித்தக் குடுத்தேன். அது அதுவா போய் விழுது."

ஹார்லன் அப்போதுதான் பார்த்தார். அவள் கையிலிருந்தது ரூடியின் கயிறு. அவர் வாங்கிக் கொடுத்த கயிறு சேணத்தின் மறுபக்கம் சுருண்டு கிடந்தது.

அதற்குமேல் அவர் கன்று பிடிக்கவில்லை, போட்டி போட்டார். அவள் ஒன்று இழுத்தால் அவர் ஒன்றரை இழுக்கப் பார்த்தார். அவர் குதிரை வியர்த்தது, அவளுடையது வியர்க்கவில்லை. ஒருமுறை அவருக்கு ஒரு கால்தான் மாட்டியது. கன்று துள்ளியதில் மடக்கிப் பிடிக்க வந்த இரண்டு பேரும் சாணியில் உட்கார்ந்தார்கள்.

"ஹார்லன், பேருந்தப் பிடிக்கணுமா?" என்றான் அவர்களில் ஒருவன், மீசையில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டு.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. ஹார்லன் வேலி ஓரமாகக் குதிரையைத் திருப்பிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கன்று. முன்னங்கால் ஒன்று முழங்கால் வரை வெள்ளை, உறை மாட்டியதுபோல. அதை ஒட்டி ஒரு பசு. அந்தச் சமயம் வேலிக்கு மறுபுறம் நின்ற ரூடி லோர்னாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"எரிஞ்ச காட்டு ஊத்துக்கு அக்டோபர்ல போவோம் பொண்ணே. அங்க மான் இன்னும் தண்ணி குடிக்க வருதுன்னு சொன்னியே, பாத்துடலாம்."

எரிந்த காட்டு ஊற்று. வருடத்துக்கு ஒருமுறை, குதிரைகளில் கூடாரம் ஏற்றி, அவரும் லோர்னாவும் மட்டும் மான் வேட்டைக்குப் போகிற இடம். ஊற்றுக்கு மேலே ஒரு கருகிய பைன் மரத்தில் துருப்பிடித்த காப்பிப் பாத்திரம் ஒன்று தொங்கும். அந்தக் காலத்துச் சுரங்கக்காரன் எவனோ விட்டுப்போனது என்று அவளுக்குச் சிறுவயதில் சொல்லியிருந்தார். அதில் தீப்பெட்டியை எண்ணெய்த்துணியில் சுற்றிப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த இடத்தை நெட்டிக்குக்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

கை பழக்கத்தில் கயிற்றை வீசியது. இரண்டு கால்களும் மாட்டின, அன்றைக்கு அவர் போட்டதிலேயே நல்ல வீச்சு. பசுவின் இடுப்பை அவர் பார்க்கவில்லை. லோர்னாவின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அரைநிலா" என்றார், நெருப்பருகே.

கிளைட் அரைநிலாவை வைத்தார். முடி கருகிப் புகை எழுந்தது.

வேலை முடிந்து, நெட்டி கொண்டுவந்த மொச்சையும் இறைச்சியும், மாவில் புரட்டி வறுத்த, அன்று காயடித்த காளைக்கன்றுகளின் விதைகளும் தீர்ந்த பிறகு, பட்டிக்கதவைத் திறந்துவிட்டார்கள். பசுக்கள் கத்திக்கொண்டே கன்றுகளைத் தேடின. முகர்ந்து, தள்ளி, மறுபடி முகர்ந்து, கடைசியில் தன்னுடையதைக் கண்டுபிடித்து மடியைக் கொடுத்தன. எல்லாம் ஜோடி சேரும்வரை வேலியின் மேல்மரத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பது வழக்கம். கையில் காப்பி இருக்கும், பேச்சு இருக்காது.

கிளைட்தான் முதலில் கண்டார். "அங்க பாருங்க. ஓடை ஓரம்."

இடுப்பில் சாவி போட்ட பசு ஒன்று அசைபோட்டு நின்றது. அதன் மடியில் முட்டிமுட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்த கன்றின் இடுப்பில், தோல் இன்னும் சிவந்திருக்க, அரைநிலா இருந்தது. முன்னங்கால்களில் ஒன்று முழங்கால் வரை வெள்ளை.

அந்த ஊரில் அதைவிட அசிங்கமான காட்சி கிடையாது. ஒருவனுடைய பசு, இன்னொருவனுடைய சூடு போட்ட கன்றுக்குப் பால் கொடுக்கிறது. தாத்தாக்கள் காலத்தில் இதற்குக் கயிறு வேறு இடத்தில் விழும், கழுத்தில். இப்போது யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள். ஆனால் சாகும்வரை சிரிப்பார்கள். போட்ட சூட்டை அழிக்கவும் முடியாது.

யாரும் லோர்னாவைப் பார்க்கவில்லை. அப்படி எல்லோரும் பார்க்காமல் இருந்ததிலேயே விஷயம் தெரிந்தது. முதல்முறை கயிறு போட்டவள் அவள்.

"சொன்னத வச்சேன்" என்றார் கிளைட். "அந்தப் புகையில யாரு சொன்னாங்கன்னு எவன் பாத்தான்?"

"ஆரம்பத்துல நடக்கறதுதான்" என்றார் ரூடி. "நான் முத வருஷம் மூணு தப்பா வச்சேன். ஒண்ணு எங்க மாமனாரோடது. அதுக்கப்புறமும் கல்யாணம் நடந்துச்சு."

லோர்னா மேல்மரத்திலிருந்து இறங்கினாள். "வெள்ளக் கால். நானா அது?" என்றாள் தனக்குத்தானே. "எனக்கு ஞாபகமே இல்லையே. இத எப்படி ஞாபகமில்லாம போகும்?"

ஹார்லன் வாயைத் திறந்தார். பிறகு அதில் காப்பியை ஊற்றினார். காப்பி ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் முழுவதையும் குடித்தார். ஒரே ஒரு நினைப்புதான் அப்போது அவருக்குள் ஓடியது. சூட்டைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவளிடம் எவன் மந்தையை ஒப்படைப்பான்?

ஆனால் ரூடி அப்படி நினைக்கிற ஆள் இல்லை. "ஒரு கன்னு போனா போகுது. நான் கேட்டது கேட்டதுதான். என்ன முடிவு பண்ணினே?" என்றார்.

"வேற ஆளு பாருங்க ரூடி" என்றாள் லோர்னா. அவருடைய கயிற்றைச் சுற்றி, பட்டிக்கதவுத் தூணில் மாட்டிவிட்டுக் குதிரையில் ஏறினாள்.

அப்பாவும் மகளும் வீட்டுக்குப் போகிற மேட்டில் ஒன்றாக ஏறினார்கள். நெட்டி பாத்திரங்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"இத்தன வருஷம் நீ எனக்குக் கயிறு குடுக்காதது சரிதாம்பா" என்றாள் லோர்னா. "எனக்குத்தான் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

ஹார்லன் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அக்டோபர்ல நாம ரெண்டு பேரும் போவோம். எப்பவும் போல."

அந்த மேடு ஏறி முடிகிறவரை ஹார்லனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. பறிகொடுத்ததாக நினைத்தது தானாகத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் குதிரையில் வந்துகொண்டிருந்தது. ரூடி தன் கயிற்றோடு தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தார். அது காப்பியைவிடச் சூடாக உள்ளே இறங்கியது.

மேட்டின் மறுபுறம் அவர்கள் கேட் வந்தது. உள்ளே நுழைந்ததும் லோர்னா குதிரையை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தாள்.

"இத மூடணுமா? திறந்தே விடவா?"

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். அவள் பத்து வயதிலிருந்து திறந்து மூடுகிற கேட். சினையாக இருக்கிற பசுக்கள் உள்ளே நிற்கும்போது மூட வேண்டும் என்று வேலைக்கு வருகிற ஆட்களுக்கு அதட்டிச் சொல்கிறவளே அவள்தான். இப்போது கைகளைச் சேணக்கொம்பின் மேல் வைத்துக்கொண்டு, யாரோ வாடகைக் குதிரையில் ஏற்றிவிட்ட விருந்தாளி மாதிரி, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"மூடு" என்றார். அவள் இறங்கி மூடினாள். சங்கிலியை மாட்டிவிட்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"அந்த வெள்ளக் கால் கன்னு" என்றார், "என் கயித்துல வந்தது."

லோர்னாவின் கை சங்கிலியில் நின்றது. "என்னது?"

"நான்தான் சொன்னேன். அரைநிலான்னு. பசுவப் பாக்கல."

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஓடையோரமா பாத்ததும்."

"பாத்ததும்" என்றாள் அவள். "பாத்துட்டு உக்காந்து காப்பி குடிச்சே."

"ஆமா."

"நான் பைத்தியம் மாதிரி ஞாபகமில்ல ஞாபகமில்லன்னு சொல்லிட்டு நிக்கறேன். நீ அந்தக் காப்பிய..." அவள் முடிக்கவில்லை. "எதுக்குப்பா?"

"ஊத்தப் பத்தி அவன்கிட்டச் சொல்லிட்டே."

"எந்த ஊத்து?"

"எரிஞ்ச காட்டு ஊத்து."

லோர்னா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம்தான், ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ கிளம்பிக்கொண்டிருந்தது. "அவருக்கு நான் சொல்லணுமா? அவர் கல்யாணத்துக்கு முந்தியே அங்க கூடாரம் போட்டவர். காடு எரியறதுக்கு முந்தி. மான் இன்னும் வருதான்னு கேட்டார், வருதுன்னேன். அங்க ஒரு மரத்துல அவரோட காப்பிப் பாத்திரம் இன்னும் தொங்குதான்னு கேட்டார்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றி அதன் உள்ளே பார்த்தார்.

"சுரங்கக்காரன் பாத்திரம்" என்றாள் லோர்னா.

"அப்படித்தான் நெனச்சேன்."

அவள் குதிரையில் ஏறி, வந்த வழிக்கே திருப்பினாள். "வா."

"எங்க?"

"அவங்க யாரும் இன்னும் கெளம்பியிருக்க மாட்டாங்க. நான் சொல்லப் போறதில்ல. நீ சொல்லு. எல்லார் முன்னாடியும்."

"கேட் மூடியிருக்கு" என்றார் ஹார்லன்.

"நீ இறங்கித் திற."

திறந்தார். அவள் போன பிறகு மூடவும் செய்தார்.

பட்டியருகே எல்லோரும் இருந்தார்கள். ஹார்லன் குதிரையிலிருந்து இறங்காமலேயே சொன்னார். ஒரே வாக்கியம். அதை மேட்டின் மேலிருந்து கீழ்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர்தான், இருந்தாலும் நடுவில் தடுக்கியது.

கிளைட் கையிலிருந்த இரும்பைக் கீழே வைத்தார்.

"அப்ப சாணியில உக்காந்தது வீண் போகல" என்றான் மீசைக்காரன்.

"முப்பது வருஷமா இரும்பு பிடிக்கறேன்" என்றார் கிளைட். "நீ ஒரு தப்பாவது பண்ண மாட்டியான்னு ஏங்கிட்டு இருந்தேன். பண்ணினாலும் பண்ணினே, காலம் பூரா பேசற மாதிரி பண்ணினே."

நெட்டி பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியதை வீட்டுக்கு எடுத்து வைத்திருந்தாள்.

ரூடி சிரிக்கவில்லை. ஹார்லனை நேராகப் பார்த்தார், அவர் தலைகுனிகிறவரை. பிறகு, "எனக்கொரு கன்னு வேணும்" என்றார். "நியாயம் நியாயம்தான். சூடு போடாம பிந்திப் பொறந்தது ஏதாவது இருக்கா உன்கிட்ட?"

இருந்தது. ஓடையோரம் ஒரு அரைநிலாப் பசு, பிறந்து சில நாளே ஆன கன்றோடு. நெருப்பில் கனல் இன்னும் இருந்தது. ஹார்லன் 'கயிறு போடு' என்று லோர்னாவிடம் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார். ஆனால் அவள் தூணிலிருந்து ரூடியின் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தாள். அவர் சொல்ல இருந்ததற்கு அவள் காத்திருக்கவில்லை.

கன்று வந்தது. அரைநிலாப் பசு கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தது. லோர்னா அதன் இடுப்பைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"சாவி" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் அந்த இரண்டு பசுக்களும் மலையில் மேய்ந்தன. ஹார்லனுடைய பசு ரூடியின் கன்றை வளர்த்தது, ரூடியின் பசு அவருடையதை. அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். செப்டம்பரில் லோர்னா ரூடிக்குச் சரி சொல்லிவிட்டு, தன் சேணத்தோடு மேலோடை வீட்டுக்குக் குடிபோனாள். அக்டோபரில் ஊற்றுக்கு மூன்று பேரும் போனார்கள். ரூடி அந்தப் பாத்திரத்தைக் கழற்றி, துருவைத் தேய்த்து, அதில் காப்பி போட்டார். நன்றாக இருக்கிறது என்று லோர்னா சொன்னாள். ஹார்லன் தன் பங்கை யாரும் பார்க்காதபோது கீழே ஊற்றினார்.

அடுத்த ஜூனில் ரூடியின் கன்றுகளுக்கு லோர்னா தனியாகச் சூடு போட்டாள். கலந்தால் தப்பு வருகிறது என்று காரணம் சொன்னாள். ஹார்லனையும் கூப்பிட்டாள்.

"கயிறா?" என்றாள் நெட்டி.

"ஊசி" என்றார் ஹார்லன்.

போனார். நாள் முழுக்க ஊசி போட்டார். லோர்னா ஒவ்வொரு கன்றை இழுத்து வரும்போதும், அதன் பின்னால் கத்திக்கொண்டு வரும் பசுவின் இடுப்பை அவர் ரகசியமாகப் பார்த்தார். ஒன்றாவது வேறு சூடாக இருக்காதா, பக்கத்துப் பண்ணைப் பசு ஒன்றாவது வேலி தாண்டி வந்திருக்காதா என்று பார்த்தார். வந்திருக்கவில்லை. அவருடைய கயிறு சேணத்தில் சுருண்டே கிடந்தது.

சாயங்காலம் அவர் குதிரையில் ஏறும்போது லோர்னா அருகில் வந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை உன் பட்டிப்பா. எனக்கு என்ன வேலை?"

ஊசி என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கயிறு கொண்டு வா" என்றார்.

லோர்னா அவர் முகத்தையே பார்த்தாள். "யார் கயித்த?"

ஹார்லன் குதிரையைத் திருப்பினார். "ரூடியோடதத் தவிர எதுன்னாலும் சரி" என்றார்.